வெள்ளைத் துணியில் முடிச்சு

ராம்லா,
15 மார்ச் 1996

நாஹிதா,

உன் தங்கை கல்யாணத்துக்குத் தீரா ஊருக்கு வந்தபோது எழுதி வைத்த விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று கீழ் வீட்டு மிர்யாம் சொன்னாள். எதிர் வீட்டுக்காரிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடும் நிலைமை எனக்கு வந்திருக்கிறது.

உன் மகன் ஓட்டிய வேன் ஏறி என் நிஸ்ஸீம் செத்துப்போனார். அடக்கம் செய்து, ஏழு நாள் துக்கமும் புதன்கிழமையோடு முடிந்தது. ஏழு நாளும் தரையோடு தரையாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்தார்கள். குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் வருஷக்கணக்காக முகம் கொடுக்காத மிர்யாமே அவித்த முட்டையோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். நீ வரவில்லை. நிஸ்ஸீம் விழுந்த அன்று சாயங்காலமே உங்கள் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"தப்பு பண்ணாதவன் எதுக்கும்மா ராவோட ராவா மூட்டை கட்டுறான்?" என்று கேட்கிறான் என் பிள்ளை ஓதேத். "நாஹிதா வருவாடா, பாரு" என்று அவனிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் அங்கி போட்ட பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். உங்கள் ஆட்கள். மரியாதையாக உட்காரவைத்தோம். நிஸ்ஸீமின் தம்பி அவ்னேர் காப்பி போட்டு ஆளுக்கு ஒன்று முன்னால் வைத்தான். ஒருவர்கூடக் கையால் தொடவில்லை. ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓதேத் பொறுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து, "யூதன் வீட்டுக் காப்பி தொண்டையில இறங்காதா உங்களுக்கு? அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாக அவர்கள் கண்முன்னேயே தொட்டியில் கொட்டினான். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்போது அதே கோபம்தான்.

அந்த வாரம் ஊர் இருந்த நிலைமை உனக்கே தெரியும். பேருந்தில் குண்டு வெடித்து, எல்லோரும் எல்லோரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதற்குள் ஓர் அரபுப் பையனின் வேன் ஒரு யூதன்மேல் ஏறினால் என்ன பேசுவார்கள்? போலீஸ்காரன் என்னிடமே வந்து, "அந்தப் பையன் உங்க வீட்டுக்காரர்மேல ஏதாவது வன்மம் வெச்சிருந்தானா?" என்று கேட்டான். முஹன்னத்துக்கு வன்மமா? அவனுக்குப் பல் முளைத்ததை உனக்கு முன்னால் பார்த்தவள் நான்.

ஆனால் நீ ஓடிப்போய்விட்டாய். ஆகவே கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வேண்டுமென்று செய்தானா? ஒரே வரி எழுது.

ப்ரூரியா


தீரா,
24 மார்ச் 1996

ப்ரூரியா அக்காவுக்கு,

அல்லாஹ் அவர் பிழைகளைப் பொறுத்து நல்ல இடம் தரட்டும். மிச்சமிருக்கும் ஆயுள் உங்களுக்கு நீளட்டும். இதை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை.

உங்கள் கடிதத்தை முஹன்னத்தின் அப்பா ஃபவ்ஸிக்குக் கடைசி வரி இல்லாமல் படித்துக்காட்டினேன்.

நாங்கள் ஓடவில்லை அக்கா. எங்களில் ஒருவன் கையால் ஓர் உயிர் போய்விட்டால், வேண்டுமென்றே செய்தானோ தவறுதலாகச் செய்தானோ, அவனைச் சேர்ந்தவர்கள் அன்றே அந்தத் தெருவைவிட்டுப் போய்விட வேண்டும். இழந்தவர்கள் படியேறும்போது எங்கள் முகம் எதிர்ப்படக்கூடாது, எங்கள் அடுப்பு வாசனை அவர்கள் மூக்கில் ஏறக்கூடாது. அதுதான் நாங்கள் செய்யும் முதல் மரியாதை. அடுப்பில் கொதித்த பருப்பை இறக்கி அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம். அடக்கத்துக்கு வந்து தூரத்திலாவது நிற்கிறேன் என்று ஃபவ்ஸி அழுதார். "உன் மொகத்தப் பாத்தா அவங்க புண்ணு பெருசாகும், ஒக்காரு" என்று அவர் அண்ணன் தடுத்துவிட்டார். நாங்கள் திரும்பிவர வேண்டுமென்றால் நீங்கள் வாயால் வரச் சொல்ல வேண்டும். நீங்கள் எங்களை வாசலில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெரியவர்கள் எங்கள் சார்பாக உங்கள் காலில் விழ வந்தவர்கள். தலைமையாக வந்தவர் ஹாஜ் தாஹிர். காப்பியை வைத்தால் குடிக்க மாட்டார்கள். "கேட்க வந்ததைக் கேளுங்கள், தருகிறோம்" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பார்கள். அதுவரை தொடாமல் இருப்பதுதான் பிச்சை கேட்பது. குடித்துவிட்டால் கேட்க வந்தது அற்பமான காரியம் என்றாகிவிடும். ஓதேத் அதைக் கொட்டிவிட்டான். இத்தனை வருஷத்தில் ஹாஜ் தாஹிர் முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லையாம். எங்கள் கணக்கில் அதற்குப் பொருள், பழி வாங்காமல் விடமாட்டோம் என்பது. ராம்லாவில் இருக்கும் ஃபவ்ஸியின் தம்பிகள் அன்றிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

நீங்கள் கேட்ட வரிக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

தினமும் காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு வரும்போது நிஸ்ஸீம் அண்ணனுக்குச் சூடாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது முஹன்னத்தின் வழக்கம், உங்களுக்குத் தெரியும். அன்றும் வேனைப் பார்த்ததும் கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாராம். இவன் அவருக்கு நல்லதாக ஒன்று எடுக்கப் பின்தட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறான். திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஒன்ன அனுப்புனது யாரு?" என்று போலீஸ் காவலில் அவனை நாள் முழுக்கக் கேட்கிறார்களாம். "ரொட்டி எடுக்கத் திரும்பினேன்" என்கிறானாம். சிரிக்கிறார்களாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரியவர்களை மறுபடி வரவிடுங்கள். சமாதானத்துக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள். நாங்கள் வீடு திரும்பலாம். அதைவிட, நிஸ்ஸீம் அண்ணன் வீட்டாரே அவனைக் கொலைகாரன் என்று நினைக்கவில்லை என்று ஊருக்குத் தெரியும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

நாஹிதா


ராம்லா,
14 ஏப்ரல் 1996

நாஹிதா,

ரொட்டி விஷயத்தைப் படித்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பார். "பையன் நிக்காமப் போயிட்டா என் ரொட்டி போச்சு" என்று செருப்பு மாட்டும்போதே சொல்வார். நான் நம்புகிறேன். நீ இதைத் துக்க வீட்டிலேயே வந்து சொல்லியிருந்தால் அன்றே நம்பியிருப்பேன்.

உங்கள் வழக்கத்தை நன்றாக விளக்கி எழுதியிருக்கிறாய். எங்கள் வழக்கத்தையும் கேள். எங்களுக்கு வழக்கமே வருவதுதான். வந்து, நாங்கள் வாய் திறக்கும்வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். வராதவர் விரோதி. நான் என்ன ஒரு குலமா, கோத்திரமா? நான் ப்ரூரியா. எனக்கு எட்டுக் கிழவர்கள் வேண்டாம், நீ ஒருத்தி போதும். மரியாதைக்காகப் போனாளாம். எனக்கு மரியாதை யார் கேட்டது?

சரி, திட்டி முடித்துவிட்டேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போய் ரொட்டி விஷயத்தைச் சொன்னேன். ஒரு சின்ன அதிகாரி, என் ஓதேத் வயசுதான் இருக்கும், "பாட்டி, உங்களுக்கு இளகின மனசு. வீட்டுக்குப் போங்க" என்றான். எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பாட்டியாம்!

உங்கள் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'கொலைகாரர்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நான் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். ஓதேத் படியேறி வந்தான். "அப்பா பேரு எழுதின கல்லு இன்னும் நடல. நீ அவங்க கதவத் தொடச்சிக்கிட்டிருக்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பஸ்கா பண்டிகை வந்து போய்விட்டது. பண்டிகை நாட்களில் எங்கள் வீட்டில் இருக்கக்கூடாத மாவு, ரவை டப்பாக்களையெல்லாம் முதல் நாளே எடுத்து, ஒவ்வொரு வருஷமும்போல உன்னிடம் கொடுத்து வைக்கக் கூடையில் அடுக்கி, உன் கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். பண்டிகை முடிந்த சாயங்காலம் நீ கொண்டுவரும் முதல் ரொட்டியும் இல்லை. சந்தையில் வாங்கிய ரொட்டியை ஓதேத் தின்றான். எனக்குப் பிடிக்கவில்லை.

உன் பெரியவர்கள் வரட்டும். ஆனால் ஓதேத் சம்மதிக்க மாட்டான். ஒரு விதவையின் வார்த்தை உங்களுக்குப் போதுமா? அதைக் கேட்டு எழுது.

ப்ரூரியா


தீரா,
2 மே 1996

ப்ரூரியா அக்காவுக்கு,

கதவைத் துடைத்தீர்கள் என்று படித்ததும் ஃபவ்ஸி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். பெருநாள் அன்றுகூட அவர் புதுச்சட்டை போடவில்லை.

ஹாஜ் தாஹிரிடம் கேட்டேன். "அந்தம்மா வார்த்தையே போதும். பக்கத்துல நிக்க அவங்க வீட்டு ஆம்பள ஒருத்தர் இருந்தாச் சரி. மகன்தான் வரணும்னு இல்ல, கொழுந்தன் வந்தாலும் போதும்" என்றார். அவ்னேரிடம் கேட்டுப் பாருங்கள்.

வக்கீல் ஒரு நல்ல செய்தி சொன்னார். யார் அனுப்பினார்கள் என்று தேடித் தேடி எதுவும் கிடைக்காததால், கவனக்குறைவாக ஓட்டினான் என்று மட்டும் வழக்குப் போடலாமா என்று அரசு வக்கீல் யோசிக்கிறாராம். கொலை வழக்கை இன்னும் மூடவில்லை. எந்தப் பக்கமும் சாயலாம் என்கிறார். முஹன்னத்தை வீட்டுக்காவலில் விட்டிருக்கிறார்கள். வந்ததிலிருந்து அவன் யாருக்கும் முதுகைக் காட்டி உட்காருவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான்.

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் உள்ளேயே அழுகிவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணம், சுன்னத்து ஒன்று விடாமல் வந்தீர்கள். திராட்சை இலைச் சோறு எத்தனை தட்டு உள்ளே போனது என்று நான் எண்ணியதில்லை. ஆனால் வைத்த காப்பியை ஒருவர் ஏன் தொடவில்லை என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. நானும் உங்கள் துக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதில்லை. இத்தனை வருஷம் நாம் சாப்பாட்டை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. 'வேண்டுமென்று செய்தானா' என்று நீங்கள் எழுதியது. வேறு யார் கேட்டிருந்தாலும் வலித்திருக்காது. கதவைத் துடைத்துவிட்டீர்கள். அந்த வரியை எதைப் போட்டுத் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாஹிதா


ராம்லா,
19 மே 1996

நாஹிதா,

அந்த வரிக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம். செய்ய முடிந்த வேறொன்றைச் செய்தேன்.

யாஃபோவுக்குப் போய் அவ்னேரைப் பிடித்தேன். முதலில், "அண்ணி, அரபிக்காரங்க கிட்டப் போய்த் தலையாட்டிட்டு வரச் சொல்றீங்களா?" என்று சிலிர்த்துக்கொண்டான். "உங்கண்ணன் தினம் யார் வீட்டு வாசல்ல ஒக்காந்து பகடை ஆடினாரு? உன் வீட்டுலயா? நீ வருஷத்துக்கு ஒரு தடவ வந்து தர்பூசணி தின்னுட்டுப் போறவன்" என்றேன். அவன் மனைவி சிரித்துவிட்டாள். அதன் பிறகு அவனுக்கு வேறு வழியில்லை.

பெரியவர்கள் மறுபடி வந்தார்கள். ஓதேத் வேலைக்குப் போயிருந்தான். காப்பியை வைத்த மறு நொடியே, "கேக்கறதக் கேளுங்க, தர்றேன், மொதல்ல குடிங்க" என்று கத்திவிட்டேன். இன்னும் அவர்கள் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. ஹாஜ் தாஹிர் தாடிக்குள் சிரித்தார். குடித்தார்.

ஜூன் ஆறாம் தேதி வியாழக்கிழமை, உங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கே நிற்க வேண்டும், என்ன போட்டுக்கொள்ள வேண்டும், யார் முதலில் குடிக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுது. காய் வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு அரபு. இந்தத் தடவை என்னால் ஒரு பிசகும் வரக்கூடாது.

ப்ரூரியா


தீரா,
24 மே 1996

ப்ரூரியா அக்காவுக்கு,

பெரியவரிடம் கத்தியதைப் படித்து எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். ஃபவ்ஸி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

எழுதுகிறேன். நீங்களும் அவ்னேரும் ஒரு பக்கம் வரிசையாக நிற்பீர்கள். எங்கள் ஆண்கள் எதிரிலிருந்து நடந்து வருவார்கள். ஃபவ்ஸி முதலில், முஹன்னத் பின்னால். அன்றைக்கு மட்டும் அவன் வெளியே வர வக்கீல் அனுமதி வாங்கியிருக்கிறார். அவன் தலையில் எதுவும் இருக்காது. கையில் ஒரு கம்பு, அதில் வெள்ளைத் துணி. உங்கள் முன்னால் வந்து நிற்பான். ஹாஜ் தாஹிர் பேசுவார். பிறகு நீங்களும் அவ்னேரும் அந்தத் துணியில் ஆளுக்கொரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழுந்தால் சமாதானம். பிறகு கசப்புக் காப்பி. முதலில் நீங்கள் எங்களுக்குக் கொடுக்க வேண்டும், சாப்பாடு எங்களுடையது. கருப்பு உடை வேண்டாம்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், அங்கே கேட்டு உங்களுக்கு ஒருமாதிரி ஆகக்கூடாது. விபத்து, ரொட்டி என்ற பேச்சே அங்கே எடுக்க மாட்டோம். சாக்குச் சொல்பவனுக்கு மன்னிப்புக் கிடையாது. 'எங்கள் பிள்ளை கொன்றான், பாவம் முழுக்க எங்களுடையது, எங்கள் கழுத்து உங்கள் கையில்' என்றுதான் ஹாஜ் தாஹிர் சொல்வார். முஹன்னத்தும் சொல்வான். மாடு முட்டி ஆள் செத்தாலும் மாட்டுக்காரன் அப்படித்தான் சொல்ல வேண்டும். இழந்தவர் முன்னால் தன்னைத் தரையோடு தரையாக்கிக்கொள்வதுதான் அது.

ஓதேதுக்கு மனமில்லையென்றால் அழைத்து வராதீர்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நீட்டாத கை ஒன்று அந்த வரிசையில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

முஹன்னத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து அளவு குறைந்திருக்கிறது.

நாஹிதா


ராம்லா,
7 ஜூன் 1996

நாஹிதா,

நேற்று நீ பெண்கள் பக்கம் இருந்தாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழுததில் எதுவும் பேசவில்லை. அதனால்தான் ஒரே நாளில் கடிதம்.

முஹன்னத் அந்தக் கம்போடு வந்து நின்றபோது எனக்கு அவன் முகம் அடையாளமே தெரியவில்லை. ஹாஜ் தாஹிர் பேசியதும், அவன் மெல்லிய குரலில் பேசியதும் ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. நான் முடிச்சுப் போட்டேன், அவ்னேரும் போட்டான். ஃபவ்ஸி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்னேர் ஊரைக்கூட்டி அழுதான். 'தலையாட்டிவிட்டு வர' மாட்டேன் என்றவன், திரும்பும்போது இரண்டு பாத்திரம் சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

ஓதேத் உள்ளே வரவில்லை, ஆனால் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டது அவன்தான். இன்னொன்று கேள். கல்யாணங்களுக்கு எடுப்பதுபோல அவ்னேர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருக்கிறான். இன்று காலையில் ஓதேத் அதைப் போட்டுப் பார்த்தான். ஒரு தடவை இல்லை, சில இடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல் கரைகிறது நாஹிதா.

அதைப் பார்த்ததும்தான் யோசனை வந்தது. அந்தச் சின்ன அதிகாரி நான் சொன்னதை எழுதக்கூட இல்லையே, இப்போது கண்ணால் பார்க்கட்டும். செத்தவன் பெண்டாட்டியும் தம்பியும் அந்தப் பையன் துணியில் முடிச்சுப் போட்டதை அரசு வக்கீல் பார்த்தால் கொலை வழக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான். சனிக்கிழமை ஓய்வு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் டேப்பை நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். ஓதேதிடம் சொன்னேன். "தாராளமாக் குடும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்!

வந்து வீட்டைத் திற. உன் ஜன்னல் கண்ணாடியை நான் துடைத்துவிட்டேன்.

ப்ரூரியா


தீரா,
11 ஜூன் 1996

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அந்த டேப்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். முஹன்னத் அதில் சொல்வது என்னவென்று நான் எழுதியிருந்தேனே. எங்கள் ஆட்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. வெளியே அதை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் வேறு அர்த்தமே கிடையாது. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன் செய்தேன். ஓதேத் எடுத்தான். "அம்மா தூங்குறாங்க" என்றான். மறுபடி செய்தேன். எடுத்து, பேசாமல் வைத்துவிட்டான். உங்களிடம் சொன்னானா?

படம் எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். கல்யாண வீட்டில்போலத்தானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நாஹிதா


ராம்லா,
14 ஜூன் 1996

நாஹிதா,

கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

உன் கடிதம் வந்ததும் ஓடினேன். "அது இனிமே உங்க பொருள் இல்ல, அரசாங்கத்தோடது" என்றார்கள். மேசைமேல் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சொல்லையும் தப்பாக எழுதவில்லை நாஹிதா. நீ எனக்கு எழுதியிருந்தது அப்படியே அதில் இருந்தது. 'உங்கள் மனிதரைக் கொன்றது நான். பாவம் என்னுடையது.' நீ முன்கூட்டியே எழுதியும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? மன்னிப்புக் கேட்கும் வழி என்று மட்டும்தான் மனதில் வாங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஓதேதைக் கேட்டேன். பட்டாளத்தில் அரபு படித்தவன் அவன். அவனுக்குப் புரிந்திருக்கும் என்ற நினைப்பே எனக்கு அதுவரை வரவில்லை.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போன?"

"அவன் வாயால அவன் சொன்னான். நான் ஒண்ணும் சேக்கலயே. நீ முடிச்சுப் போட்ட, அது உன் இஷ்டம். நான் போடல."

அவனைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் அசையவில்லை. அவன் அப்பாவும் இப்படித்தான், அடித்தால் அசையாமல் நிற்பார்.

நான் சாட்சி சொல்வேன். எந்த நீதிமன்றமானாலும் வந்து ரொட்டியைப் பற்றிச் சொல்வேன்.

ப்ரூரியா


ராம்லா,
3 டிசம்பர் 1996

நாஹிதா,

ஆறு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நேற்று நீதிமன்றத்தில் நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை.

நான் பேசியதைக் கேட்டிருப்பாய். காப்பி, வெள்ளைத் துணி, மாட்டுக்காரன் எல்லாவற்றையும் சொன்னேன். அரசு வக்கீல் என்னை அன்பாகத்தான் கேட்டார். "அம்மா, உங்களுக்கு அரபு தெரியுமா?" தெரியாது. "சம்பவத்தை நேரில் பார்த்தீர்களா?" இல்லை. "அப்படியானால் ரொட்டி எடுக்கத்தான் திரும்பினான் என்று உங்களுக்கு யார் சொன்னது?" அவன் அம்மா. "அவன் அம்மா," என்று நீதிபதிகளைப் பார்த்துத் திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பேசியதெல்லாம் அதோடு போயிற்று. ஹாஜ் தாஹிர் விளக்கியபோது குறுக்கே நிறுத்தி, குற்றவாளியின் இனத்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். வேறென்ன சொல்வார்?

ஓதேத் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி கழுவுகிறேன். உன்னை இழந்தேன், அவனையும் இழந்தேன். செத்தவருக்காக என்று சொல்லி இருக்கிறவர்கள் எல்லோரும் செத்துக்கொண்டிருக்கிறோம்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு. என் வாசலில் வந்து நின்று கத்து. கல்லை எடுத்து அடி. நீ திட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ப்ரூரியா


தீரா,
12 பிப்ரவரி 1997

ஓதேதின் தாயார் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

முஹன்னத்துக்குப் பதினெட்டு வருஷம் என்று தீர்ப்பாகிவிட்டது. செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அவன் வாக்குமூலத்தை அவனே மறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். போன வாரம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய்யாக இருக்கக்கூடாது.

ராம்லா வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள். சாமான் எடுக்க ஃபவ்ஸியின் தம்பிகள் வருவார்கள், நாங்கள் வரமாட்டோம். சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

திட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எங்களிடம் சமாதானம் என்று ஒன்று முடிந்துவிட்டால், அதன் பிறகு என்ன நடந்தாலும் இந்த வீட்டார் அந்த வீட்டாரைப் பழித்து ஒரு சொல் சொல்லக்கூடாது. சொன்னால், நடுவில் நின்ற பெரியவர்களின் முகத்தில் கரி பூசியதாகும். ஹாஜ் தாஹிர் நீதிமன்றத்தில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றவர். அவரை மறுபடியும் குனியவைக்க என்னால் ஆகாது. ஃபவ்ஸியின் தம்பிகள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பதும் அதனால்தான். ஓதேத் எந்தத் தெருவில் நடந்தாலும் எங்கள் ஆட்களால் அவனுக்கு ஒரு கீறலும் வராது. நிம்மதியாக இருங்கள்.

ஒருநாள் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லித் திட்டிப் பார்த்தேன். பெயர் வந்தது, மேற்கொண்டு வரவில்லை. திட்ட முடிந்திருந்தால் ஒருவேளை உங்களிடம் மறுபடி பேசியிருப்பேன்.

உங்கள் வீட்டோடு எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. இனிமேல் எழுத வேண்டாம்.

நாஹிதா